எம்ஸ் நதியைக் கடந்த கவசப் படை: வெற்றியின் விளிம்பில் எரிந்த நகரம்

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிவுக்கு வந்ததன் 80ஆவது ஆண்டு 2025ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டபோது, கனடாவின் பங்களிப்புப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலானோர் நெதர்லாந்தின் விடுதலையையே முதலில் எடுத்துரைத்தனர். டச்சு மக்கள் கனடியப் படையினரின் டாங்கிகள் மீது ஏறி நின்று ஆரவாரிக்கும் புகைப்படங்கள் கனடாவில் பலருக்கும் பழக்கமானவை. அந்தப் பெருமைக்கு நியாயம் உண்டு. நெதர்லாந்தை விடுவிப்பதற்கான போரில் 7,600க்கும் மேற்பட்ட கனடியர்கள் உயிரிழந்தனர்.

ஆனால் அதே வாரங்களில், அதே இராணுவத்தின் ஒரு கவசப் படைப்பிரிவு நெதர்லாந்தைக் கடந்து ஜேர்மனிக்குள் நுழைந்து, எம்ஸ் நதியைத் தாண்டி முன்னேறியபோது நடந்தவை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. போர் முடிவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களே இருந்த நிலையில், உறுதிப்படுத்தப்படாத ஒரு வதந்தியின் பேரில், பிரீசோய்தே என்ற சிறு நகரம் ஏறத்தாழ முழுமையாக அழிக்கப்பட்டது. அதற்கு உத்தரவிட்ட தளபதி விசாரிக்கப்படவில்லை.

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இது தொலைதூரத்து வரலாறாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு போரின் இறுதிக் கட்டத்தில் வெல்லும் தரப்பு எப்படி நடந்துகொள்கிறது, அதனைப் பதிவு செய்பவர் யார், பொறுப்புக்கூறுபவர் யார் என்று ஒவ்வோர் ஆண்டும் மே 18ஆம் திகதி இந்தச் சமூகம் எழுப்பும் கேள்விகளுக்கு, இந்த நாட்டின் சொந்த இராணுவ வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அது கனடாவுக்கு முழுப் பெருமை தருவதும் அல்ல, முற்றிலும் சிறுமை தருவதும் அல்ல.

நதிகளும் கால்வாய்களும்

4ஆவது கனடியக் கவசப் படைப்பிரிவு, 1944ஆம் ஆண்டு கோடையில் நோர்மண்டியில் தரையிறங்கி, ஃபலைஸ், ஷெல்ட் ஆற்று முகத்துவாரம், ஹொக்வால்ட் காடு ஆகிய கடுமையான களங்களைக் கண்ட படை. அதன் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் ஹரி ஃபொஸ்டர் 1944ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலியிலிருந்த 1ஆவது படைப்பிரிவுக்கு மாற்றப்பட, அங்கிருந்த மேஜர் ஜெனரல் கிறிஸ்டோபர் வோக்ஸ் இவருடைய இடத்துக்கு வந்தார். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்டோனா நகரில் வீடு வீடாக நடந்த சமரை நடத்தியவர் வோக்ஸ்.

கவசப் படைப்பிரிவு என்றால் டாங்கிகள் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று டாங்கி ரெஜிமென்டுகளைக் கொண்ட ஒரு கவசப் பிரிகேட்டுடன், மூன்று பட்டாலியன்களைக் கொண்ட ஒரு காலாட்படைப் பிரிகேட்டும், பீரங்கிப் படையும், பொறியியல் படையும் சேர்ந்ததே அந்த அமைப்பு. இந்தப் பிரிவின் மூன்று காலாட்படைப் பட்டாலியன்களுமே ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றான ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் ரெஜிமென்ட், ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள ஹமில்டன் நகரத்தின் படையாகும். இன்றும் அதன் தலைமையகம் அங்குதான் உள்ளது.

1945 மார்ச் 23ஆம் திகதி இரவு நேச நாட்டுப் படைகள் ரைன் நதியைக் கடக்கத் தொடங்கின. பின்னர் பாலங்கள் அமைக்கப்பட்டதும் இப்படைப்பிரிவும் ரைனைத் தாண்டி வடக்கே திரும்பியது. ஏப்ரல் முதல் வாரத்தில் நெதர்லாந்தின் ட்வென்ற கால்வாயைக் கடந்து அல்மெலோ நகரை விடுவித்தது. பின்னர் மீண்டும் ஜேர்மனிக்குள் நுழைந்து, ஏப்ரல் 8ஆம் திகதி மெப்பன் நகருக்கு அருகே எம்ஸ் நதியைக் கடந்தது.

நதி என்று வந்துவிட்டால் டாங்கிகளின் வேகத்துக்கு மதிப்பில்லை. முதலில் காலாட்படையினர் சிறு படகுகளில் எதிர்க்கரையை அடைந்து ஒரு பாலமுனையைக் கைப்பற்ற வேண்டும். அதன்பின் பொறியியல் படையினர் உருக்குச் சட்டங்களை இணைத்துப் பெய்லி பாலம் அமைக்க வேண்டும். அதன்மீதுதான் டாங்கிகள் செல்ல முடியும். மெப்பனில் ஆர்கைல் படையினர் மிகச் சொற்ப இழப்புடன் கரையேறினர். அங்கு பிடிபட்ட ஜேர்மனியப் படையினருள் சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற 17 வயது இளைஞர்களும் இருந்தனர். எதிரியின் பலம் எந்த அளவுக்குக் கரைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஆயினும் எம்ஸ் நதிக்கு அப்பால் பாதை எளிதாகவில்லை. அப்பகுதி பெரும்பாலும் சதுப்பு நிலம். வீதியை விட்டு இறங்கிய டாங்கி சேற்றில் புதையும். இருந்த சில வீதிகளும் கனரக வாகனங்களின் பாரம் தாங்காமல் உடைந்தன. பின்வாங்கிய ஜேர்மனியர்கள் பாலங்களைத் தகர்த்தும், வீதிகளில் பெரும் பள்ளங்களை வெட்டியும், கண்ணிவெடிகளைப் புதைத்தும் சென்றனர். பரந்த வெளியில் விரிந்து பாய வேண்டிய ஒரு கவசப் படைப்பிரிவு, ஒற்றை வீதியில் வரிசையாக நிற்கும் வாகனத் தொடராகச் சுருங்கியது. அத்தகைய நிலையில் ஒரு குறுக்குச் சந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சில நூறு பராசூட் படையினர்கூட ஒரு முழுப் படைப்பிரிவின் முன்னேற்றத்தைத் தடுக்க முடியும்.

ஒரு வதந்தியின் விலை

இந்தச் சூழலில்தான் முதலில் ஸோகெல் என்ற ஊரில் ஒரு சம்பவம் நடந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி கைப்பற்றப்பட்ட அந்த ஊரில் ஜேர்மனியப் படைகள் எதிர்த்தாக்குதல் நடத்தியபோது, பொதுமக்களில் சிலரும் சண்டையில் பங்குபற்றியதாகவும் கனடியர் சிலருடைய மரணத்துக்குக் காரணமாக இருந்ததாகவும் படைத்தரப்பு விசாரணை முடிவு செய்தது. அதற்குத் தண்டனையாக ஊரின் மையப் பகுதியிலுள்ள வீடுகளைத் தகர்க்குமாறு வோக்ஸ் உத்தரவிட்டார். பொறியியல் படையினர் வெடிமருந்து வைத்து அதனை நிறைவேற்றினர்.

அடுத்த இலக்கு, சோஸ்டே ஆற்றங்கரையிலுள்ள பிரீசோய்தே. ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த அந்த நகரத்தின் மக்களில் பெரும்பாலோர் ஏப்ரல் 11, 12ஆம் திகதிகளிலேயே சுற்றுப்புறக் கிராமங்களுக்கு வெளியேறிவிட்டனர். சுமார் 200 ஜேர்மனியப் பராசூட் படையினர் நகரைக் காத்து நின்றனர். ஏப்ரல் 13ஆம் திகதி லேக் சுப்பீரியர் ரெஜிமென்ட் நடத்திய முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அன்றிரவு, லெப்டினன்ட் கேணல் பிரெடெரிக் விகிள் தலைமையிலான ஆர்கைல் பட்டாலியன், நகரைச் சுற்றிக்கொண்டு சென்று, 14ஆம் திகதி காலை எதிர்பாராத திசையிலிருந்து உள்ளே நுழைந்தது. முற்பகலுக்குள் நகரம் வீழ்ந்தது. இராணுவக் கண்ணோட்டத்தில் அது திறமையாகத் திட்டமிடப்பட்ட, இழப்புக் குறைந்த ஒரு நடவடிக்கை.

ஆனால் படையினர் நகரத்துக்குள் சென்றிருந்த வேளையில், சுமார் 50 ஜேர்மனியப் படையினரைக் கொண்ட ஒரு குழு விகிளின் முன்னணித் தலைமையகத்தைத் தற்செயலாக எதிர்கொண்டது. காலை எட்டரை மணியளவில் நடந்த அந்த மோதலில் விகிளும் வேறு சிலரும் கொல்லப்பட்டனர். அவரைச் சுட்டவர்கள் சீருடை அணிந்த படையினரே. எனினும், கட்டளை அதிகாரியை ஒரு குடிமகன் பின்புறமிருந்து சுட்டுக் கொன்றுவிட்டான் என்ற வதந்தி அணிகளுக்குள் பரவியது. வோக்ஸுக்கும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது.

அந்தச் செய்தியைச் சரிபார்க்கும் முயற்சி நடந்ததாகத் தெரியவில்லை. நகரத்தைத் தரைமட்டமாக்குமாறு வோக்ஸ் உத்தரவிட்டார். அந்த உத்தரவு வருவதற்கு முன்பே ஆர்கைல் படையினர் சிலர் தாமாகவே வீடுகளுக்குத் தீ வைக்கத் தொடங்கிவிட்டனர். பின்னர் தீப்பிழம்பைப் பீய்ச்சும் கருவி பொருத்தப்பட்ட சிறு கவச வாகனங்கள் வீதி வீதியாகச் சென்றன. எஞ்சியிருந்த மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, அவர்களின் கண் முன்னே வீடுகள் கொளுத்தப்பட்டன. நகரத்தின் 85 முதல் 90 வீதம் வரை அழிந்ததாக ஜேர்மனியத் தரப்பு மதிப்பீடுகள் கூறுகின்றன. நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த சண்டைகளில் ஏறத்தாழ 20 பொதுமக்கள் உயிரிழந்ததாகவும் அங்குள்ள பதிவுகள் தெரிவிக்கின்றன.

எரிந்த வீடுகளின் கல்லும் செங்கல்லும் டாங்கிகள் செல்வதற்காக உடைந்த வீதிகளில் கொட்டப்பட்டன. இதனால், நகரம் அழிக்கப்பட்டது இராணுவத் தேவைக்காகவே என்று பின்னாளில் வாதிடுவதற்கும் இடம் கிடைத்தது. ஆனால் கால வரிசை அந்த வாதத்துக்கு எதிரானது. தீ வைப்புக்குக் காரணமாக இருந்தது விகிளின் மரணம். வீதிக்குக் கல் கிடைத்தது அதன் பின்விளைவு.

ஏன் கடைசி வாரங்களில்?

தோல்வியின் விளிம்பில் நிற்கும் படைகள் கொடூரமாக நடந்துகொள்வதை விளக்குவது எளிது. வெற்றி உறுதியான ஒரு படை ஏன் அவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வி. பிரீசோய்தே சம்பவத்தை உற்று நோக்கினால் நான்கு காரணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருப்பது தெரிகிறது.

முதலாவது, இழப்பைத் தாங்கும் மனநிலை மாறிவிடுவது. போரின் முடிவு சந்தேகத்தில் இருக்கும்வரை ஒரு படைவீரனின் மரணத்துக்கு ஒரு பொருள் கற்பிக்கப்படுகிறது. முடிவு தெரிந்த பின் நிகழும் ஒவ்வொரு மரணமும் வீண் மரணமாகத் தோன்றுகிறது. அந்த ஆத்திரம் எதிர்ப்பைக் கைவிட மறுக்கும் எதிரி மீதும், எதிரி நாட்டு மக்கள் மீதும் பாய்கிறது.

இரண்டாவது, படையினருக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான கோடு மங்கிவிடுவது. இதில் ஜேர்மனிய ஆட்சிக்குப் பெரும் பொறுப்பு உண்டு. 1944ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஃபோல்க்ஸ்டுர்ம்’ என்ற பெயரில் முதியவர்களும் சிறுவர்களும் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டனர். 1945 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாஜி வானொலி ஒன்று பொதுமக்களை மறைந்திருந்து தாக்குமாறு தூண்டியது. இதனால், ஒரு குடிமகன் சுட்டான் என்று யாராவது சொன்னால் அது நம்பத்தக்கதாகவே இருந்தது.

மூன்றாவது, தனிப்பட்ட துயரம் கட்டளையாக மாறுவது. விகிள் மீது வோக்ஸ் மிகுந்த மதிப்பும் பாசமும் வைத்திருந்தார். ஒரு நண்பரின் மரணத்தால் கொந்தளித்த மனிதர், அதே கணத்தில் பல்லாயிரம் படையினரையும் தீக்கருவிகளையும் வெடிமருந்தையும் கட்டளையிடும் அதிகாரத்தில் இருந்தார். ஸோகெலில் ஒரு விசாரணையேனும் நடந்தது. நான்கு நாட்களுக்குப் பின் பிரீசோய்தேயில் அந்தப் படியும் தவிர்க்கப்பட்டது. முதல் தடவை தயக்கத்துடன் செய்யப்படும் செயல், இரண்டாவது தடவை வழக்கமாகிவிடுகிறது.

நான்காவதும் மிக முக்கியமானதுமான காரணி, கேள்வி கேட்கப்போவது யார் என்பது. வெற்றி பெறும் தரப்பின் தளபதியை விசாரிக்கும் அதிகாரம் தோற்கும் தரப்புக்கு இல்லை. பிரீசோய்தே எரிந்த மறுநாள், ஏப்ரல் 15ஆம் திகதி, பிரித்தானியப் படைகள் பெர்கன்-பெல்சன் வதை முகாமுக்குள் நுழைந்தன. நாஜிகளின் குற்றங்கள் உலகின் கண்முன் விரிந்த அந்த நாட்களில், ஒரு ஜேர்மனியச் சிறு நகரத்தின் வீடுகளுக்காகக் குரல் கொடுக்க எவரும் இருக்கவில்லை.

இதே நிலப்பரப்பில், இதே நாட்களில், இதற்கு நேர்மாறான காட்சிகளும் நிகழ்ந்தன என்பதையும் மறந்துவிட முடியாது. கனடியர்களுக்கு அருகே முன்னேறிய போலந்துக் கவசப் படைப்பிரிவு, ஏப்ரல் 12ஆம் திகதி ஓபர்லாங்கன் முகாமில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 1,700 போலந்துப் பெண்களை விடுவித்தது. வார்சோ எழுச்சியில் பங்குபற்றிச் சிறைப்பட்டவர்கள் அவர்கள். விடுதலையும் பழிவாங்கலும் ஒரே வீதியில் ஒரே வாரத்தில் சென்றன.

எழுதப்படாத உத்தரவு

பிரீசோய்தேயை அழிக்குமாறு எழுத்து மூலமான உத்தரவு எதுவும் இல்லை. அத்தகைய உத்தரவைத் தாளில் வைக்க வேண்டாம் என்று தளபதிக்கு அவருடைய அலுவலரே ஆலோசனை கூறியிருந்தார். ஆர்கைல் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு, அன்று பல இடங்களில் தீ எரிந்துகொண்டிருந்ததாகப் போகிற போக்கில் குறிப்பிடுகிறதே தவிர, தீயை வைத்தவர் யார் என்று சொல்லவில்லை.

அவ்வாறாயின் இந்தச் சம்பவம் எப்படி வரலாற்றுக்குள் வந்தது? கனடிய இராணுவத்தின் வரலாற்று அதிகாரியாக இருந்த கேணல் சார்ல்ஸ் ஸ்டேசி தற்செயலாக அந்த நேரத்தில் பிரீசோய்தேயில் இருந்தார். மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்படுவதையும் வீடுகள் எரிக்கப்படுவதையும் தமது கண்ணால் கண்டார். 1960ஆம் ஆண்டில் அரசாங்க வெளியீடாக வந்த அதிகாரபூர்வ போர் வரலாற்றில், தவறான தகவலின் பேரில் பழிவாங்கும் நோக்குடன் நகரத்தின் பெரும்பகுதி எரிக்கப்பட்டதை அவர் பதிவு செய்தார். பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய ஸ்டேசி, 1983ஆம் ஆண்டில் வெளியான தமது நினைவுக் குறிப்புகளில், கனடியப் படையினர் செய்த போர்க்குற்றம் என்று கருதத்தக்கதாகத் தாம் நேரில் கண்டது அது ஒன்றே என்று எழுதினார். தாம் அங்கு இருந்திராவிட்டால் அது வரலாற்றின் பக்கங்களை அடைந்தே இராது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

வோக்ஸும் மறைக்கவில்லை. 1985ஆம் ஆண்டில் வெளியான தமது சுயசரிதையில், தாமே உத்தரவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதற்காகப் பெரிதாக வருந்தவில்லை என்பதையும் அதிலேயே தெரிவித்தார்.

தீர்ப்புக் கூறியவர்கள்

இந்தக் கதையின் இன்னொரு கிளை, போருக்குப் பின் நடந்த ஒரு வழக்குடன் தொடர்புடையது. 1944 ஜூனில் நோர்மண்டியின் ஆர்டென் மடாலயத்தில் கனடியப் போர்க் கைதிகள் கொல்லப்பட்டமைக்காக, எஸ்.எஸ். தளபதி குர்ட் மேயர் 1945 டிசம்பரில் ஜேர்மனியின் அவுரிக் நகரில் கனடிய இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஜெனரல் ஹரி ஃபொஸ்டர். அதாவது, 4ஆவது கவசப் படைப்பிரிவின் முன்னாள் தளபதி. மேயருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அத்தண்டனையை உறுதிசெய்யும் அல்லது குறைக்கும் அதிகாரம் அப்போது ஜேர்மனியில் கனடிய ஆக்கிரமிப்புப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதியிடம் இருந்தது. அவர்தான் வோக்ஸ். 1946 ஜனவரியில் அவர் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். மேயரின் பொறுப்பு மரண தண்டனைக்குரிய அளவை எட்டவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. கைதிகள் வேண்டாம் என்று ஒரு சந்தர்ப்பத்திலேனும் சொல்லாத தளபதி நேச நாட்டுத் தரப்பிலும் இல்லை என்ற கருத்தை, முடிவெடுப்பதற்கு முன் லண்டனில் நடந்த ஆலோசனையில் அவர் வெளியிட்டிருந்தார். மேயர் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் டோர்செஸ்டர் சிறையில் வைக்கப்பட்டு, 1951இல் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, 1954இல் விடுதலையானார்.

வோக்ஸின் முடிவை நேர்மையின் வெளிப்பாடாகக் காண்பவர்களும் உண்டு, கொல்லப்பட்ட கனடியர்களுக்கு இழைத்த அநீதியாகக் காண்பவர்களும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. தமது சொந்தத் தரப்பின் செயல்களை விசாரிக்காத ஓர் இராணுவம், எதிரியின் செயல்களுக்குத் தீர்ப்புக் கூறும்போதும் தடுமாறுகிறது. பிரீசோய்தே பற்றிய மௌனத்தின் விலையை, ஒரு வகையில், ஆர்டென் மடாலயத்தில் இறந்த கனடியர்களின் குடும்பங்களும் செலுத்தின.

சட்டம் அன்று இல்லாமல் இல்லை. தனி நபர்களின் செயலுக்காக ஒரு மக்கள் கூட்டத்துக்கே பொதுத் தண்டனை விதிப்பதை 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் தடை செய்திருந்தன. போரின் கட்டாயத் தேவை இல்லாமல் எதிரியின் சொத்தை அழிப்பதையும் அவை தடுத்தன. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை கூட்டுத் தண்டனையையும் பாதுகாக்கப்பட்ட மக்கள் மீதான பழிவாங்கலையும் வெளிப்படையாகவே தடை செய்தது.

இலங்கை அனுபவம்

சீருடை அணிந்த ஒருவரின் மரணத்துக்கு ஓர் ஊர் முழுவதும் விலை கொடுப்பது இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த வன்முறையில்தான், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதன் எதிரொலி தென்னிலங்கைத் தமிழர்கள் மீது விழுந்தது. 1989 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையில் இந்திய அமைதி காக்கும் படையினர் சிலர் புலிகளின் தாக்குதலில் இறந்தபின், 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இம்மூன்றிலும் தாக்கியவர்கள் வேறு, தண்டிக்கப்பட்டவர்கள் வேறு.

2009ஆம் ஆண்டின் இறுதிப் போர் அளவிலும் தன்மையிலும் வேறுபட்டது. பிரீசோய்தேயில் அழிந்தவை பெரும்பாலும் மக்கள் வெளியேறிய வீடுகள். முள்ளிவாய்க்காலில் இலட்சக்கணக்கான மக்கள் ஒரு குறுகிய கடற்கரைத் துண்டில் சிக்கியிருந்தனர். 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011ஆம் ஆண்டில் கூறியது. அரச படைகள் மருத்துவமனைகள் மீதும் தாக்குதலற்ற வலயங்கள் மீதும் எறிகணை வீசியதாகக் குற்றஞ்சாட்டிய அக்குழு, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் கூடவே பதிவு செய்தது. பொதுமக்களைத் திட்டமிட்டு இலக்கு வைக்கவில்லை என்பதே இலங்கை அரசாங்கத்தின் நிலைப்பாடாக இருந்து வந்துள்ளது.

ஆகவே இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது இரு தரப்பு நினைவுக்கும் அநீதி செய்வதாகும். ஒப்பிடத்தக்கது அழிவின் அளவு அல்ல, பதிவின் நிலை. பிரீசோய்தேயில் இராணுவச் சீருடை அணிந்த ஒரு வரலாற்றாளர் இருந்தார். தாம் கண்டதை அவர் அரசாங்கத்தின் செலவில் அச்சிடப்பட்ட நூலிலேயே எழுத முடிந்தது. வன்னியிலிருந்தோ 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களும் உதவி நிறுவனங்களும் வெளியேற நேர்ந்தது. சுயாதீனச் செய்தியாளர்கள் போர்முனைக்கு அனுமதிக்கப்படவில்லை. நந்திக்கடலை நோக்கி முன்னேறிய படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளும் நடவடிக்கை உத்தரவுகளும் சுயாதீன ஆய்வாளர்களின் பார்வைக்கு வரவில்லை. எஞ்சியிருப்பவை உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களும், கைத்தொலைபேசிகளில் பதிவான காட்சிகளும், செய்மதிப் படங்களும்தான்.

கனடாவின் இரு கணக்குகள்

கனடிய நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டில் மே 18ஆம் திகதியைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகள் மஹிந்த ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ உட்பட நால்வர் மீது கனடா தடைகளை விதித்தது. 2025 மே மாதத்தில் பிரம்ப்டன் நகரில் தமிழ் இனப்படுகொலை நினைவுத் தூபி திறந்து வைக்கப்பட்டது. இம்முடிவுகளை இலங்கை அரசாங்கம் கடுமையாக ஆட்சேபித்தது. அப்படியானால் கனடா தன் கணக்கை முடித்துவிட்டதா என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டால், பிரீசோய்தே பற்றி ஒட்டாவா என்ன பதில் சொல்லும்?

நேர்மையான பதில் இதுவாகத்தான் இருக்க முடியும்: பாதிக் கணக்கே முடிந்திருக்கிறது. நடந்தது அரசின் நூலில் எழுதப்பட்டது. செய்தவர் தமது வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் எவரும் விசாரிக்கப்படவில்லை. ஆர்கைல் ரெஜிமென்ட்டின் போர்க் கௌரவப் பட்டியலில் பிரீசோய்தே என்ற பெயர் இன்றும் இடம்பெற்றுள்ளது. 14ஆம் திகதி காலை நடந்த துணிச்சலான தாக்குதலுக்கு அது உரிய மரியாதைதான். அன்று பிற்பகல் நடந்ததை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

இதிலிருந்து, இலங்கை விடயத்தில் குரல் கொடுக்கும் தகுதி கனடாவுக்கு இல்லை என்ற முடிவுக்குச் சிலர் வரக்கூடும். அது பிழையான முடிவு. ஒரு நாடு குற்றமற்றதாக இருந்தால்தான் குற்றத்தைக் குற்றம் என்று சொல்லலாம் என்றால், உலகில் எவரும் வாய் திறக்க முடியாது. மாறாக, தன் படைகளின் செயலை எழுதிவைக்க அனுமதித்த நாடு என்ற வகையில், அதே வெளிப்படைத்தன்மையை மற்றவர்களிடம் கோர கனடாவுக்கு உரிமை உண்டு. தன் பக்கத்தில் விடுபட்டுப்போன விசாரணையை நினைவில் வைத்துக்கொண்டு அதனைக் கோரினால், அந்தக் குரலுக்கு எடை கூடும்.

புலம்பெயர் தமிழர்களுக்கும் இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. தண்டனை கிடைக்குமா என்ற கேள்வியிலேயே பொறுப்புக்கூறல் பற்றிய விவாதம் பெரும்பாலும் தேங்கி நிற்கிறது. பிரீசோய்தேயில் தண்டனைக்கான காலம் கடந்துவிட்டது. விகிளும் ஸ்டேசியும் வோக்ஸும் இன்று இல்லை. ஆயினும் ஹமில்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு மாணவர் இன்று நூலகத்துக்குச் சென்று, தன் நாட்டின் படை அந்த நகரத்தில் என்ன செய்தது என்பதை அரசின் வெளியீட்டிலேயே படிக்க முடியும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒரு மாணவருக்கு 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் பற்றி அந்த வாய்ப்பு இல்லை.

2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. ஒரு வழக்காக மாறுவதற்குப் பல்லாண்டுகள் ஆகலாம் என்பதால் அப்பணியைச் சிலர் குறைவாக மதிப்பிடுகின்றனர். ஆனால் சாட்சிகள் முதுமை அடைகின்றனர், ஆவணங்கள் காணாமற் போகின்றன, உத்தரவுகள் எழுதப்படாமலே போயிருக்கலாம். எம்ஸ் நதிக்கு அப்பால் எரிந்த நகரத்தை வரலாறு அறிந்தது, நீதிமன்றம் ஒன்றினால் அல்ல, சரியான நாளில் அங்கு நின்று பார்த்து எழுதிவைத்த ஒரு மனிதரால். அத்தகைய ஒருவர் இல்லாமல் முடிந்த ஒரு போருக்கு, அந்தக் குறையை ஈடுசெய்யக்கூடியது உயிருடன் இருப்பவர்களின் சாட்சியம் மட்டுமே. அது திரட்டப்பட வேண்டிய காலம் அவர்கள் வாழும் காலம்.